முன்னால் நடந்தவள்

கேப்டனைக் கவிழ்த்தது மலை இல்லை, ஒரு ஸ்டூல். சமையலறை பல்பை மாற்ற ஏறியவர் ஸ்டூலோடு சேர்ந்து சாய்ந்தார். கணுக்காலில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, டாக்டர் சொல்லும் வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்றைக்குச் சாயங்காலமே மலை ஏறும் விருந்தாளிகள் வருவதாக இருந்தது.

அவர் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்து, அலுத்துப்போய், மனைவியோடும் அக்காவோடும் இந்த அடிவாரத்துக்கு வந்து ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி விடுதியாக்கியவர். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மூன்று குட்டி மலைகள். பெரிய மலைகளைப் பார்த்தவர்களுக்கு இவை கண்ணிலேயே படாது. ஆனால் மேலே ஏறி, ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு மலையின் முதுகு வழியாகவே நடந்து போகலாம். இரண்டு பக்கமும் வயல், குளம், தூரத்தில் ஊர்ந்து போகும் ரயில் எல்லாம் தெரியும். அதற்காகவே ஆட்கள் வந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்து, கையை நீட்டி நீட்டிக் கதை சொன்னதால் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வந்தது.

அவர் மனைவிக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் அடித்த கொட்டத்துக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர் அது. மலையில் அவள் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நடந்ததால், "பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று கேப்டன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யார் பின்தங்குகிறார்களோ அவர்களோடு நடப்பது, கீழே விழுந்த தொப்பியை எடுப்பது, மூச்சு வாங்குகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது, அவமானப்படாமல் இருக்கத் தானும் மூச்சு வாங்குவதுபோல் நிற்பது. இதுதான் அவள் வேலை. முன்னால் கேப்டன் என்ன கதை சொன்னார் என்பது அவளுக்குப் பாதி தெரியாது. அவ்வளவு தூரம் காதில் விழாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேப்டன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "எல்லாருக்கும் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு."

"எதுக்கு?"

"எதுக்காவா? யார் கூட்டிட்டுப் போறது?"

"நான்தான்."

கேப்டன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீ பின்னாடி வர்றவம்மா."

"பின்னாடி வர்றவளும் அதே மலையைத்தானே ஏறுறா?"

கதவோரம் வெங்காயமும் கத்தியுமாக நின்ற அவருடைய அக்கா, "பல்பு மாத்தத் தெரியாதவனெல்லாம் மலைக்கு வழி சொல்லும்போது இவ சொல்லக்கூடாதா?" என்றாள். அவள்தான் அந்த விடுதியின் சமையலறை. தம்பி மேல் உயிர். அந்தப் பாசத்தைத் திட்டாகத்தான் வெளியே விடுவாள்.

"அக்கா, நீ உள்ள போ."

"போறேன். நீ கூட வர முடியாதேன்னுதான் வருத்தம்."

இரவுச் சாப்பாடு வரை கேப்டன் ஓயவில்லை. எங்கே நிற்க வேண்டும், எங்கே எதைக் காட்ட வேண்டும், மூன்றாவது உச்சிக்கு முன்னால் செங்குத்துப் பாதையில் எப்படி இறக்க வேண்டும் என்று படுத்தபடியே வகுப்பு எடுத்தார். வாலு துண்டுகளை மடித்துக்கொண்டே "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஒரு பல் டாக்டர். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு விடுதியில் தங்கிவிட, மலைக்கு வந்தது அவருடைய மாமியார். கட்டைகுட்டையான அந்த அம்மாள் புது ஷூவைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கோத்த கையை விடாத அவர்களுக்கு மலையானால் என்ன, மொட்டை மாடியானால் என்ன. கடைசியாக ஒரு பெண் வக்கீல். மெலிந்து, நீண்டு, கையில் பெரிய வாட்ச் கட்டியிருந்தாள். பனி மூடிய சிகரங்களுக்கெல்லாம் போய் வந்தவள்.

"கேப்டன்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போவார்னு போட்டிருந்ததே?" என்று வக்கீல் கேட்டாள்.

"அவருக்குக் கால்ல அடி. இன்னைக்கு நான் வர்றேன்."

"இந்த மலை என்ன உயரம்?"

"ஏறினா மூச்சு வாங்குற உயரம்" என்றாள் வாலு.

மாமியார் களுக்கென்று சிரித்தாள். வக்கீல் சிரிக்கவில்லை. ஓட்டுக்கு மேலே தெரிந்த முதல் உச்சியை அளப்பதுபோல் பார்த்துவிட்டு, "மேடுன்னு சொல்லுங்க" என்றாள்.

கிளம்பும்போதுதான் வாலுவுக்கு உறைத்தது. தான் முன்னால் போனால் பின்னால் யார்? அவள் ஒரு நிமிடம் ஐந்து பேருடைய கால்களையும் பார்த்தாள். பிறகு வக்கீலிடம் போய், "நீங்க கடைசில வாங்க" என்றாள்.

"நானா? இவங்கள்லயே வேகமா நடக்கறது நான்தான்."

"அதனாலதான். மெதுவா நடக்கறவங்க கடைசில வந்தா கூட்டம் அறுந்துபோகும். வேகமா நடக்கறவங்க வந்தா அறாது. உங்களுக்கு முன்னாடி எப்பவும் ஒரு முதுகு தெரியணும். அவ்வளவுதான் வேலை."

வக்கீலுக்கு முகம் சுருங்கியது. வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாததால் கடைசிக்குப் போனாள்.

முதல் உச்சி வரை எல்லாம் சுகமாகப் போனது. முன்னால் நடப்பது வாலுவுக்கு விநோதமாக இருந்தது. எதிரே முதுகுகள் இல்லை. பாதை மட்டும் இருந்தது. புல்லில் இருந்த பனியை அவள் கால்தான் முதலில் கலைத்தது. வழக்கம்போல் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பல் டாக்டர் இரண்டாவதாக, இன்ஜின் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். "என் வேலையில உக்காந்து உக்காந்தே காலம் போச்சுங்க" என்றார். அவருக்காகப் பாதையோரப் பாறைகளில் இரண்டு இடத்தில் நின்றாள். நின்றபோதெல்லாம், "மாப்பிள்ளை, தண்ணி குடிங்க" என்று மாமியார் தன் புட்டியை நீட்டினாள். அவள் முகத்தில் வியர்வைகூட இல்லை.

முதல் உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. கீழே குளங்கள் கண்ணாடித் துண்டுகள்போல் கிடந்தன. கேப்டன் சொல்லும் கதைகளில் ஒன்றுகூட வாலுவுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்தாள். விருந்தாளிகளும் பேசாமல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் புது மாப்பிள்ளை, "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றான். மனைவி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். கதை சொல்லாமலும் மலை நன்றாகத்தான் இருந்தது.

முதல் உச்சிக்கும் நடு உச்சிக்கும் இடையில் மலையின் முதுகு கொஞ்சம் குழிந்து இறங்கும். புல்வெளியின் குறுக்கே ஒற்றையடிப் பாதை. அதன் நடுவில் இருந்தபோது மேகம் இறங்கியது. மேற்குப் பக்கத்திலிருந்து வெள்ளையாக உருண்டு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு உச்சியை விழுங்கி, பிறகு அவர்களையும் விழுங்கியது. முன்னால் பத்தடிதான் தெரிந்தது.

"எல்லாரும் கிட்ட கிட்ட வாங்க" என்று வாலு குரல் கொடுத்தாள். "வர்றோம்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. பாதை முடியும் இடத்தில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால், வழி காட்டக் குவித்து வைத்த கற்கள் இருக்கும். அங்கே நின்று ஒவ்வொருவராக எண்ணினாள். பல் டாக்டர். ஜோடி. மேகத்துக்குள்ளிருந்து கடைசியாக வக்கீல் வந்தாள்.

"மாமியார் எங்கே?"

வக்கீல் திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி வரலையா?"

"உங்களுக்கு முன்னாடி அவங்கதானே வந்தாங்க?"

வக்கீலின் முகம் வெளிறியது. "மேகம் வர்றதைப் போட்டோ எடுக்கலாம்னு கொஞ்சம் முன்னாடி வந்தேன். அவங்க ஷூ லேஸ் கட்டறேன், நீங்க போங்கன்னாங்க. பின்னாடியே வருவாங்கன்னு..."

"அத்தை!" என்று பல் டாக்டர் கத்தினார். "அத்தை! அத்தை!"

"டாக்டர், கத்தாதீங்க. நீங்க கத்திட்டே இருந்தா அவங்க பதில் சொன்னாலும் நமக்குக் கேக்காது."

அவர் வாயை மூடினார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காற்று மட்டும் புல்லைச் சீவிக்கொண்டு போனது.

"நானும் வர்றேன்" என்றார் டாக்டர், பையைக் கீழே போட்டுவிட்டு.

"வேண்டாம். இப்ப ஒருத்தரைத் தேடுறோம். நீங்களும் வந்தா ரெண்டு பேரைத் தேடணும்." வாலு வக்கீலின் பக்கம் திரும்பினாள். வக்கீல் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். "இந்தக் கல்லை விட்டு ஒருத்தரும் நகரக் கூடாது. நான் வர்ற வரைக்கும் இது உங்க பொறுப்பு."

"சரி" என்றாள் வக்கீல்.

வாலு வந்த வழியே நடந்தாள். பயம் இருந்தது உண்மை. ஆனால் கால் தடுமாறவில்லை, ஏனென்றால் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இந்தப் புல்வெளியில் தரை ஒரு பக்கமாகச் சரியும். முன்னால் ஆள் இருந்தால் அவர் பின்னாலேயே நேராகப் போய்விடலாம். முன்னால் ஆள் இல்லையென்றால், யாராக இருந்தாலும் கால் தானாகக் கீழ்ப்பக்கம் வழுகும். அங்கே ஆடு போகும் தடம் ஒன்று உண்டு. பார்க்க அசல் பாதை மாதிரியே இருக்கும். எத்தனை பேர் அதில் இறங்கப் போய், "மேல வாங்க, மேல வாங்க" என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டுத் திருப்பியிருக்கிறாள்! முன்னால் போகிற கேப்டனுக்கு அப்படி ஒரு தடம் இருப்பதே தெரியாது.

அவள் ஆட்டுத் தடத்தில் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில், இடிந்த ஆட்டுப் பட்டியின் கல்சுவர் மேகத்துக்குள் கறுப்பாகத் தெரிந்தது. அதன் மேல் மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் நீட்டியிருந்தது. முழங்காலில் வலிக்குச் சுற்றும் துணிப்பட்டை கட்டியிருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள், பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல். "மாப்பிள்ளை கூப்பிட்டது கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்புறம் ஏன் பதில் சொல்லல?"

"சொன்னா ஓடி வந்துடுவாரே. பட்டையைப் பாத்துடுவாரே." மாமியார் பட்டையை அவசரமாக அவிழ்க்கப் பார்த்தாள். "ஷூ லேஸுன்னு சொல்லிட்டு இதைத்தான் கட்டினேன். அவர் குரல் கேட்டதும் அவுத்துட்டு வரலாம்னு உக்காந்தேன். நனைஞ்சு இறுகிப்போச்சு, வர மாட்டேங்குது."

வாலு பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பதா, கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தை முடியுமா, அத்தை முடியுமான்னு கிளம்புற வரைக்கும் கேட்டுட்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் முடியும்னுட்டேன். இப்ப முட்டி வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? இதுக்காகவே அடுக்குமாடிப் படியெல்லாம் ஏறி இறங்கிப் பழகினேன்மா. வாட்ச்மேன் எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருப்பான்."

"ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போதுதான். ஏறுறது ஒண்ணுமே தெரியல. இந்தப் பள்ளத்துல இறங்கினேன் பாருங்க, அப்பதான் குத்த ஆரம்பிச்சது."

வாலு யோசித்தாள். கேப்டன் வகுத்த வழிப்படி, நடு உச்சியைத் தாண்டியதும் செங்குத்துப் பாதையில் இறங்கி, ஓடை ஓரமாகப் போய், மூன்றாவது உச்சிக்கு மறுபடி ஏறி, அங்கிருந்தும் அதேபோல் செங்குத்தாக ஓடைக்கு இறங்கி வீடு திரும்ப வேண்டும். மேலிருந்து பார்க்க அழகான பாதை. ஆனால் அதில் இறங்குகிறவர்களின் முட்டி எப்படி வெடவெடக்கும் என்று பின்னாலிருந்து பார்த்தவள் அவள்தான். வந்த வழியே திரும்பினாலும் இறக்கம் இறக்கம்தான். மிச்சமிருப்பது இன்னொன்று. மலையின் முதுகை விடாமல் மூன்றாவது உச்சி வரைக்கும் ஏறிவிட்டால், அந்தப் பக்கம் பழைய கல்குவாரி ரோடு. பாரம் ஏற்றிய லாரி இறங்கப் போட்ட ரோடு என்பதால் வளைந்து வளைந்து மெதுவாக இறங்கும். தூரம் அதிகம். கீழே போனாலும் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். சுற்று வழி என்று கேப்டன் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"எழுந்திருங்கம்மா. பட்டை இருக்கட்டும். என் தோளைப் பிடிச்சுக்கோங்க."

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்றது?"

"முட்டி வலிக்குதுன்னு சொல்றது."

கற்குவியலுக்கு அருகில் நால்வரும் பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளைகள்போல் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேகத்துக்குள் இரண்டு உருவம் தெரிந்ததும் பல் டாக்டர் பாய்ந்து வந்தார். மாமியாரின் காலைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார்.

"அத்தை, பல் கூசினாலே எனக்குப் போன் பண்ணுவீங்களே. இதை ஏன் சொல்லல?"

"பல்லு உங்களுக்குத் தெரியும் மாப்பிள்ளை. முட்டி பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

டாக்டருக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்கக் குனிந்து மாமியாரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, இங்கேயே திரும்பிடலாம் இல்லையா?" என்றாள் வக்கீல்.

"இல்லை. மேல போறோம். மூணாவது உச்சியும் ஏறிட்டு அந்தப் பக்கமா இறங்குறோம்."

"முட்டி வலிக்கிறவங்களை வெச்சுக்கிட்டு இன்னும் மேலயா?" டாக்டர் திகைத்தார்.

"ஏறினா அவங்களுக்கு வலி இல்லை. இறங்கினாத்தான் வலி. எந்த வழியா போனாலும் ஒரு தடவை இறங்கித்தான் ஆகணும். இருக்கறதுலயே மெதுவா இறங்குற வழி அந்தப் பக்கம்தான் இருக்கு. கொஞ்சம் தூரம். நேரமாகும். ஆனா எல்லாரும் சொந்தக் கால்ல வீட்டுக்குப் போவோம்."

அவள் குரல் உயரவில்லை.

"நான் எங்கே நடக்கட்டும்?" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டாள்.

"கடைசிலதான். வேற யார் இருக்காங்க?"

வக்கீல் தலையசைத்தாள். அதற்குப் பிறகு அவள் வாட்ச்சைப் பார்க்கவில்லை. மாமியாரின் முதுகுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்தாள். நடு உச்சியில் நின்றபோது இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மலையில் ஒரு தடவை கூடாரத்தோடு காற்றில் உருண்ட கதையை வக்கீல் சொல்ல, "அப்ப அது மேடு இல்லையா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது உச்சிக்குப் போகும் ஏற்றத்தில் மேகம் மெலிந்தது. முதலில் தலைக்கு மேல் ஒரு நீலத் துண்டு தெரிந்தது. பிறகு வெயில் விழுந்தது. உச்சியில் கால் வைத்தபோது மேகம் அவர்களுக்குக் கீழே கிடந்தது. நடந்து வந்த இரண்டு உச்சிகளும் அதிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் வாலு இங்கே முதலாவதாக வந்து நின்றதில்லை. அவள் வந்து சேரும்போது எப்போதும் எல்லாரும் பார்த்து முடித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். இன்று ஒருவரும் இல்லாத உச்சி அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆசை தீரப் பார்த்தாள். பிறகுதான் திரும்பி மற்றவர்களைக் கைகொடுத்து மேலே ஏற்றினாள்.

ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மாமியார் ஷூவைக் கழற்றி வெயிலில் காலை நீட்டி, "பொண்ணுகிட்ட சொல்லணும், மாப்பிள்ளைதான் மூச்சு வாங்கினார்னு" என்றாள்.

குவாரி ரோடு அவள் நினைத்த மாதிரியே இருந்தது. அகலமாக, சாவகாசமாக, வளைந்து வளைந்து. மாமியார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புது ஜோடிகூடக் கையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நெல்லிக்காய் அளவு வெள்ளைக் கற்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தது.

வீடு வந்தபோது சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. கேப்டன் வாசலில் நாற்காலி போட்டு, மாவுக்கட்டை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து, பைனாகுலரைச் செங்குத்துப் பாதையின் மேலேயே வைத்திருந்தார். அவர்கள் தார் ரோட்டு வழியாக அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"எதைப் பாக்கறீங்க?" என்றாள் வாலு.

கேப்டன் திடுக்கிட்டுத் திரும்பினார். தலைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகத்தில் உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "யாரைக் கேட்டு அந்தப் பக்கமா இறங்கினே?"

"யாரையும் கேக்கல."

அதற்குள் மாமியார் முன்னால் வந்து, மேகத்தில் ஆட்டுத் தடத்தில் இறங்கித் தொலைந்தது, சுவர் மேல் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து ஓடி வந்த கேப்டனின் அக்கா அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க உட்கார வைத்தாள். மற்றவர்களும் உள்ளே போனார்கள்.

கேப்டன் கொஞ்ச நேரம் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேரை நான் அந்தப் பாதையில இறக்கியிருக்கேன். ஒருத்தராவது முட்டி வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"உங்ககிட்ட சொல்லல. என்கிட்ட சொன்னாங்க."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. நீங்க முன்னாடி போயிட்டிருந்தீங்க."

வாலு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அன்றைக்கு அவளுக்குக் கால் வலித்தது. நன்றாக வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் குனிந்து, "அந்த ஆட்டுத் தடம் எங்கே இருக்கு? சொல்லு" என்றார். அவள் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள்.

அவருக்குக் கட்டுப் பிரிக்கும் வரைக்கும் வாரா வாரம் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். பாதைகளை மாற்றினாள். இறக்கத்துக்கு எப்போதும் குவாரி ரோடுதான். வக்கீல் இன்னொரு தடவை வந்தாள், அவளாகவே கடைசியில் போய் நின்றுகொண்டாள். கட்டுப் பிரித்து, நடந்து பழகி, ஆஸ்பத்திரி டாக்டர் மலைக்குப் போகலாம் என்று சொன்ன வாரம், கிளம்பும் நேரத்தில் கேப்டன் தொப்பியோடு முற்றத்துக்கு வந்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் போய் நிற்கப் பழக்கத்தில் கால் எடுத்து வைத்தார். வாலு அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லாரையும் தாண்டிக் கடைசிக்குப் போனார்.

அன்றைக்கு முதல் உச்சியில் எல்லாரும் உட்கார்ந்து வெகு நேரம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார். மூச்சிரைத்தது. கழுத்தில் யாருடையதோ கேமரா, கையில் யாருடையதோ ஸ்வெட்டர். வாலுவின் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்த நீலச் சட்டைக்காரருக்கு வலது ஷூ கடிக்குது" என்றார் காதோரம். "வெளிய சொல்ல மாட்டேங்கறார்."

வாலு பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.